திறக்கும் முன்பே சொல்கிறவர்

மெக்கானிக் அக்கா எந்த வண்டியின் பானட்டையும் சும்மா திறந்து நான் பார்த்ததில்லை. பானட் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு முதலில் சொல்வார். உள்ளே எது கெட்டிருக்கிறது, திறந்தால் கண்ணுக்கு என்ன தெரியும், அப்படித் தெரியாவிட்டால் தான் நினைத்தது தப்பு. இவ்வளவையும் பக்கத்தில் நிற்கிறவர்கள் காதில் விழும்படி சொல்லி முடித்த பிறகுதான் கை ஸ்பேனருக்குப் போகும்.

"தொறந்துட்டு யார் வேணா சொல்லலாம். தொறக்கறதுக்கு முன்னாடி சொல்லு. அப்பதான் உன் மண்டையில இன்னா கீதுன்னு உனக்கே தெரியும்" என்பார்.

தான் சொல்வதோடு விட்டாலும் பரவாயில்லை. வண்டியைக் கொண்டு வந்தவரையும் விடமாட்டார். ஒருமுறை பூந்தமல்லிக்குக் காய்கறி ஏற்றுகிற ஒருவர் தன் அப்பா காலத்து ஜீப்பைத் தள்ளிக்கொண்டு வந்தார். வேர்த்து விறுவிறுத்து நின்றவரிடம், "நீ இன்னா நினைக்கிற?" என்று கேட்டார் அக்கா.

"எனக்குத் தெரிஞ்சா நான் ஏன்க்கா உன்னான்ட தள்ளிக்கினு வரேன்?"

"தெர்லன்னா தெர்லன்னு வாயத் தொறந்து சொல்லு. அதையும் சொல்லாம நின்னா நான் யாருகிட்ட பேசறது, ஜீப்புகிட்டயா?"

அந்த மனிதர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாக, "தெர்ல" என்றார்.

"அவ்ளோதான். எங்கனா நோவுதா?"

நான் அதற்கு நேர் எதிர் ஜாதி. ஒன்றை வாய்விட்டுச் சொன்னால் அது நடந்துவிடும் என்று நினைக்கிறவன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெரு முனைவரை போய், பூட்டினோமா என்று திரும்பி வருகிறவன். எட்டாம் வகுப்போடு நின்றதற்கு வீட்டில் ஆயிரம் காரணம் சொல்வார்கள். வாத்தியார் கேள்வி கேட்டால் சரியோ தப்போ ஒன்றைச் சொல்லித் தொலைக்க வேண்டுமே என்கிற பயம்தான் உண்மையான காரணம். அப்படிப்பட்டவன் அக்காவிடம் போய்ச் சேர்ந்ததே என்னுடைய ஃபியட்டால்தான்.

என் ஃபியட் வெள்ளை நிறம், எனக்கு மூத்தது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்தபோது வாங்கினேன். இப்போது கல்யாணங்களில் பெண்ணும் மாப்பிள்ளையும் புதுக் காரில் வந்து இறங்கினால் போட்டோவில் எடுபடுவதில்லையாம். பழைய கார் வேண்டும், அதற்கு மேல் பூ வேண்டும், கதவைத் திறந்து பிடிக்க வெள்ளைச் சட்டை டிரைவர் வேண்டும். மேடை அலங்காரம் எடுக்கிற ஒரு காண்டிராக்டர் எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபங்களுக்கெல்லாம் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். அவர் ஒருவரை நம்பித்தான் வேன் வேலையை விட்டேன்.

அப்புறம்தான் வண்டி நிற்க ஆரம்பித்தது.

கிளம்பும்போது நன்றாகக் கிளம்பும். கொஞ்ச தூரம் ராஜா மாதிரி போகும். வேகம் எடுத்து நாலாவது கியரில் போகும்போது இரண்டு விக்கல், ஒரு இருமல், நின்றுவிடும். ஓரமாகத் தள்ளி வைத்து ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். ஒருநாள் பருத்திப்பட்டு ஏரி ஓரத்தில், உள்ளே மாப்பிள்ளையோடு நின்றது. அவர் மாலையும் கழுத்துமாக ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனதை அங்கே நின்றவர்கள் போனில் படம் பிடித்தார்கள். சாயங்காலம் காண்டிராக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அடுத்த முகூர்த்தத்துக்கு உனக்கு ஒண்ணு குடுத்திருக்கேன், திருநின்றவூர்லருந்து பூந்தமல்லி, பொண்ணை ஏத்திட்டு வரணும். அதுலயும் நட்ட நடு ரோட்டுல உட்டுட்டு வந்தன்னா, உன் வண்டிய நான் மறந்துடறேன். நீயும் என்னை மறந்துடு" என்றார்.

அதாவது, மறுபடி கம்பெனி வேன். அதுவும் கொடுத்தால்.

ஆவடியில் ஒரு மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். இன்னொருவர், பெட்ரோலை டேங்கிலிருந்து இழுத்து மேலே அனுப்புகிற பம்பையே மாற்றினார். மூன்றாமவர் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி, "சூடுதான் நைனா. துணி காயாம பாத்துக்கோ" என்றார். நான் துணி காயாமல் பார்த்துக்கொண்டேன். வண்டி நின்றுகொண்டே இருந்தது. எல்லாருமே பெட்ரோல் லைனைக் காற்று வைத்து ஊதினார்கள். "லைன் கிளியர்" என்றார்கள். அந்த மூன்றாமவர்தான் கடைசியில், "திருமழிசையில ஒரு அம்மா கீது. வாய் ஜாஸ்தி. போய்ப் பாரு" என்று அனுப்பினார்.

அக்காவுக்கு வாய் ஜாஸ்தி என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். வேறு மாதிரியும் சொல்வார்கள். கருநாக்கு என்பார்கள். அவர் வாயில் விழுந்தால் பலித்துவிடுமாம். பக்கத்து வீட்டில் போர் போட வண்டி வந்து நின்றபோது அக்கா மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "இங்க தண்ணி வராது. அந்த மூலையில போடு" என்றிருக்கிறார். அவர்கள் கேட்கவில்லை. தண்ணீர் வரவில்லை. இன்றுவரை அந்த வீட்டில் அக்காவோடு பேச்சுவார்த்தை கிடையாது. "அதுக்கு முன்னாடி ரெண்டு ஊட்ல தண்ணி வராதுன்னு சொன்னேன், பீச்சிக்கினு வந்துச்சு. அத்த யாருன்னா ஞாபகம் வச்சிக்கினு கீறாங்களா?" என்று அக்கா என்னிடம் கேட்டிருக்கிறார். வருத்தப்பட்டுக் கேட்டதாகத் தெரியவில்லை. கணக்கு தப்பாக இருக்கிறதே என்றுதான் கேட்டார்.

அவருடைய குடும்பம் திருமழிசையிலேயே நெல் போட்டுக்கொண்டிருந்த குடும்பம். நிலம் போனது, பின்னால் எஸ்டேட் வந்தது. அக்கா அங்கே ஒரு யூனிட்டில் பம்புகளுக்குள் போகிற ரப்பர் தகடுகளைச் சோதிக்கிற வேலையில் இருந்தார். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே, "இன்னிக்கு வந்ததுல பாதி குப்பை" என்பாராம். சூப்பர்வைசர் கடுப்பாகிவிடுவாராம். யூனிட் வேறு ஊருக்கு இடம் மாறியபோது அக்கா கூடப் போகவில்லை. வீட்டு முன்னால் தகரக் கூரை இறக்கி, பழைய வண்டிகளின் பம்பும் கார்புரேட்டரும் பார்க்க ஆரம்பித்துவிட்டார். இதெல்லாம் அவர் துண்டு துண்டாகச் சொன்னது. உட்கார வைத்துக் கதை சொல்கிற ஆள் இல்லை.

வீட்டிலும் அதே பழக்கம்தான். குழம்பை வாயில் வைக்கும் முன், "உப்பு தூக்கல்" என்பார். வைத்துப் பார்த்துவிட்டு, "இல்ல, சரியாத்தான் கீது. நான் சொன்னது தப்பு" என்பார். அவர் வீட்டுக்காரர் இதற்கெல்லாம் பழகி, தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். பின்னாளில் ஒருநாள் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி என்று பூந்தமல்லியில் டாக்டரிடம் போனார்கள். நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். ஈசிஜி எடுத்த தாளை டாக்டர் கையில் வாங்கியதும் அக்கா, "பாக்காதீங்க சார். பாக்கறதுக்கு முன்னாடி இன்னான்னு நினைக்கிறீங்க, சொல்லுங்க" என்றார். எனக்கு இதயம் நின்றுவிட்டது. டாக்டர் நல்ல மனிதர். தாளை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "வெறும் கேஸ் டிரபிள்தான்னு நினைக்கிறேன். நீங்க?" என்றார். "நானும் அதான்" என்றார் அக்கா. திருப்பிப் பார்த்தார்கள். கேஸ்தான். இரண்டு பேரும் பரீட்சையில் பாஸான மாதிரி சிரித்துக்கொண்டார்கள். நான் வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன்.

என் ஃபியட்டுக்கு வருகிறேன். முதல்நாள் போனபோது அக்கா வண்டியைச் சுற்றி வந்தார். எங்கே நிற்கிறது, எப்படி நிற்கிறது, நின்றால் எவ்வளவு நேரத்தில் கிளம்புகிறது என்று கேட்டார். பானட் மேல் கையை வைத்தார்.

"டேங்க் மூடி. மூடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது அடைச்சிக்கிச்சு. பெட்ரோல் வெளிய வர வர உள்ள காத்து போவணும், போவல. டேங்க் பெட்ரோலைப் புடிச்சி வச்சிக்குது. மூடியை லூஸா வச்சி ஓட்டினா நிக்காது. நின்னா நான் சொன்னது தப்பு. நீ இன்னா நினைக்கிற?"

நான் ஏதோ தலையை ஆட்டினேன்.

"ஆட்டாத. ஆட்டறதுல ஆமாவும் கீது, இல்லவும் கீது."

மூடியைத் தளர்த்தி வைத்து ஹைவேயில் ஓட்டினோம். நசரத்பேட்டை தாண்டி விக்கியது. நின்றது. அக்கா காரிலிருந்து இறங்கி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் எனக்குத் தெரிந்து சந்தோஷம். திரும்பி வந்ததும் எதிர் டீக்கடைக்காரரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"அண்ணாத்தே, மூடின்னு சொன்னேன்ல. மூடி இல்ல. நான் சொன்னது தப்பு."

"எனக்கு எதுக்குக்கா இது?" என்றார் டீக்கடைக்காரர்.

"சொன்னது உன் காதுல விழுந்துச்சில்ல. தப்புன்றதும் விழணும்ல."

இந்த இடத்தில்தான் அக்காவை எனக்குப் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன். நான் பார்த்த மெக்கானிக்குகள் யாரும் தப்பாகச் சொன்னதே இல்லை. ஏனென்றால் யாரும் எதுவும் முன்னாடி சொன்னதில்லை. ஒன்றைக் கழற்றுவார்கள், மாட்டுவார்கள், "இப்ப ஓட்டிப் பாரு" என்பார்கள். ஓடினால் அவர்கள் செய்தது. ஓடாவிட்டால் வண்டி பழசு.

அடுத்ததாக அக்கா ஒரு பிளாஸ்டிக் கேனில் பெட்ரோல் ஊற்றி எஞ்சின் பக்கத்தில் அசையாமல் கட்டினார். டேங்கிலிருந்து வருகிற லைனைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து ஒரு டியூபை நேராகப் பம்புக்குக் கொடுத்தார். "இப்ப டேங்கும் இல்ல, லைனும் இல்ல. இதுல ஓடினா பம்பு மேலயும் கார்புரேட்டர் மேலயும் பழி இல்ல. கோளாறு பின்னாடி எங்கியோ கீது. இதுலயும் நின்னா கோளாறு முன்னாடி." ஓட்டினோம். பூந்தமல்லி போய்த் திரும்பி வந்தோம். விக்கவே இல்லை. எனக்குப் பயம்தான் அதிகமானது. டேங்க் மூடி இல்லை என்று ஆகிவிட்டது, பம்புக்குப் பின்னால் மிச்சம் இருப்பது லைன் மட்டும்தான். அதைத்தான் மூன்று பேரும் ஊதி, கிளியர் என்று சொல்லியிருந்தார்களே.

"எந்தப் பக்கம் ஊதினாங்க?" என்றார் அக்கா.

"எல்லாரும் ஊதறாப்லதான். முன்னாடி பம்புல கழட்டிட்டு, அங்கருந்து டேங்க் பக்கமா."

"பெட்ரோல் எந்தப் பக்கம் போவுது?"

டேங்கிலிருந்து முன்னால் வருகிறது. ஊதுவதோ முன்னாலிருந்து டேங்குக்கு. நிற்க வசதியாக இருக்கிறது, காற்று ஹோஸ் எட்டுகிறது என்று எல்லாரும் அந்தப் பக்கமே ஊதுகிறோம். நானும் அப்படித்தான் ஊதியிருக்கிறேன்.

அக்கா லைனின் முனையில் பம்புக்குள் போகிற ரப்பர் ஹோஸை விரலால் தட்டினார். வெளியே பார்க்கப் புதுசு போல இருந்தது.

"இது உள்ள தோல் உரிஞ்சி தொங்குது. இப்ப வர்ற பெட்ரோலு பழைய ரப்பருக்கு ஆவறதில்ல. நீங்க ஊதறப்போ அந்தத் தோலு படுத்துக்குது, காத்து போவுது. பம்பு இழுக்கறப்போ எழுந்து வாசலை மூடிக்குது. மெதுவாப் போனா கொஞ்சம் வழி வுடும். வேகமா இழுத்தா மொத்தமா மூடிக்கும். வண்டி நின்னா இழுப்பு நின்னுடுது, தோலு மறுபடி படுத்துக்குது. அதான் நீ டீ குடிச்சிட்டு வந்தா கெளம்புது. அறுத்துப் பாப்போம். உள்ள வழவழன்னு இருந்தா நான் சொன்னது தப்பு."

டீக்கடைக்காரரும் வந்து நின்றார். அக்கா ஹோஸைக் கழற்றி பிளேடால் நீளவாக்கில் கிழித்தார். உள்ளே கறுப்பாக ஒரு துண்டு, ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு மறுபக்கம் தொங்கியது.

"உன் நாக்கு மாதிரியே கீதுக்கா" என்றார் டீக்கடைக்காரர்.

"என்னுது இதைவிட நீளம்" என்றார் அக்கா.

முன்னால் ஒன்று, பின்னால் டேங்க் பக்கத்தில் ஒன்று என்று இரண்டு ஹோஸையும் புதிதாக மாற்றினோம். முன்னாலிருந்ததை அக்கா மாட்டினார். அவருக்கு முட்டி மடங்காது என்பதால் பின்னாலிருந்ததை நான் காருக்கு அடியில் படுத்து மாட்டி, ஹோஸைச் சுற்றிப் பிடிக்கிற கிளாம்பின் திருகை இறுக்கினேன். அன்றிலிருந்து வண்டி நிற்கவில்லை. ஆனாலும் கல்யாணம் வரைக்கும் எனக்குத் தூக்கம் இல்லை. தினமும் காலையில் காருக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குவேன். பயம் தாங்காமல், கல்யாணத்தன்றைக்கு அக்காவையும் கூட வரச்சொன்னேன். முன் சீட்டில் உட்கார்ந்தால் போதும், ஒன்றும் செய்ய வேண்டாம் என்றேன்.

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கைப்பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார்.

திருநின்றவூரில் பெண் வீடு ஏரிக்குப் போகிற வழியில். தஞ்சாவூர் பக்கத்திலிருந்து வந்து வீடு கட்டிக்கொண்டவர்கள். பெண் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறாள். பெண்ணின் பெரியம்மாதான் எல்லாவற்றையும் முன்னின்று நடத்தினார். ஆரத்தித் தட்டோடு அவர் வாசலுக்கு வர, பெண் பின் சீட்டில் ஏறி உட்கார, நான் கதவைச் சாத்தினேன். அப்போதுதான் பார்த்தேன். அக்கா பூ அலங்காரத்துக்கு நடுவே இடம் கண்டுபிடித்து, பானட் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"அக்கா, வேணாம்" என்றேன் மெதுவாக.

"நின்னா, பம்ப் பக்கத்துல கீற கிளாம்புதான். அங்க காத்து இழுக்கும். வண்டி விக்கும், அப்பறம் நிக்கும். இறுக்கினா கெளம்பிடும். அங்க இல்லன்னா நான் சொன்னது தப்பு."

பெரியம்மாவின் கையில் ஆரத்தித் தட்டு அப்படியே நின்றது.

"ஏம்மா, பொண்ணு இன்னும் தெருவைத் தாண்டல. நல்ல நாளும் அதுவுமா நிக்கும், நிக்கும்ங்கறியே. வாயில வேற வார்த்தையே வராதா?"

"நிக்கும்னு சொல்லலம்மா. நின்னா எங்கன்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

காருக்குள்ளிருந்து பெண் எட்டிப் பார்த்தாள். "நின்னா எவ்வளவு நேரம் ஆகும்க்கா?"

"பத்து நிமிஷம் கண்ணு."

"சரி. முகூர்த்தத்துக்கு நிறைய டைம் இருக்கு."

"நீ சும்மா இரு" என்று பெண்ணை அடக்கிவிட்டுப் பெரியம்மா என் பக்கம் திரும்பினார். "இந்தம்மா இந்த வண்டியில வரக்கூடாது. வந்தா நாங்க வேற வண்டி பாத்துக்கறோம்."

 காண்டிராக்டர் முகம் கண்முன் வந்தது. அக்காவைப் பார்த்தேன். அவர் அதற்குள் கைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து என் சட்டைப் பையில் சொருகிவிட்டார்.

"நான் ஷேர் ஆட்டோல வரேன். நீ போ" என்றார். கோபம் எதுவும் இல்லை. பிள்ளைகள் விளையாட்டில் அவுட் ஆனவர் போல ஒதுங்கி நின்றார்.

முன் சீட்டில் பெரியம்மா உட்கார்ந்தார். பட்டாபிராம் தாண்டினோம். ஆவடியில் பூந்தமல்லி ரோட்டுக்குத் திரும்பினோம். பருத்திப்பட்டு வந்தபோது என் பல் தானாக இறுகிக்கொண்டது. அங்கே நிற்கவில்லை. ஏரி பின்னால் போனது, மூச்சு விட்டேன். காடுவெட்டி தாண்டியதும் ஒரு விக்கல். அப்புறம் இன்னொன்று. வண்டியை ஓரம் கட்டுவதற்குள் நின்றுவிட்டது.

"பாத்தியா" என்றார் பெரியம்மா. "சொன்னா, நின்னுச்சு." போனை எடுத்து யாரையோ கூப்பிட்டு வேறு கார் அனுப்பச் சொன்னார்.

நான் பானட்டைத் திறந்து, அக்கா சொன்ன கிளாம்பில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தேன். அசையவில்லை. கல் மாதிரி இறுகியிருந்தது. அக்கா சொன்னது அங்கே இல்லை.  அடுத்து எதையாவது கழற்ற வேண்டும் என்று கை பரபரத்தது, எது என்று தெரியாமலே.

பெண் கண்ணாடியை இறக்கினாள். நெற்றிச்சுட்டி வெயிலில் ஆடியது.

"அந்தக்கா சொன்ன இடம்தானாண்ணா?"

"இல்லம்மா."

"அப்ப நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அதே கேள்வி. இந்தத் தடவை தலையை ஆட்டித் தப்பிக்க முடியாது. பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். விக்கியது, நின்றது. முன்னால் இறுக்கமாக இருக்கிறது. காற்று வேறு எங்கே உள்ளே போகும்? நான் மாட்டிய இடத்தில்தான். நான் தினமும் காலையில் அடியில் போய், எதற்கும் இருக்கட்டும் என்று அந்தத் திருகை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"டேங்க் பக்கத்துக் கிளாம்பு" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. "அளவுக்கு மீறி இறுக்கி இறுக்கித் திருகோட புரி தேஞ்சி போயிருக்கும். இப்ப திருகினா பிடிக்காம சும்மா சுத்தும். அப்படிச் சுத்தலன்னா நான் சொன்னது தப்பு."

"சரி, பாருங்க" என்றாள் பெண்.

வெள்ளைச் சட்டையோடு ரோட்டில் படுத்து அடியில் போனேன். ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருப்பினேன். திருகு பிடிமானம் இல்லாமல் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு கெட்ட விஷயத்தைக் கண்டு அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். வேறு கிளாம்பு இல்லை. எழுந்து வந்து பானட்டில் மாலையைக் கட்டியிருந்த கம்பியில் ஒரு முழம் பிரித்தெடுத்தேன். பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெண், "எடுக்கட்டும் பெரியம்மா" என்றாள். ஹோஸைச் சுற்றிக் கம்பியைக் கட்டி, டிக்கியிலிருந்த குறட்டால் முறுக்கினேன். போதும் என்று தோன்றிய இடத்தில் கையை எடுத்தேன். இன்னொரு முறுக்கு முறுக்கச் சொல்லிக் கை கெஞ்சியது. முறுக்கவில்லை.

சாவியைத் திருப்பினேன். கொஞ்ச நேரம் வெறுமனே சுற்றியது, பெட்ரோல் ஏற வேண்டுமே. பிறகு பிடித்துக்கொண்டது. பெரியம்மா போனில், "நீ வர வேணாம், கிளம்பிடுச்சு" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் இருந்ததோ என்னவோ. கரையான்சாவடியில் நெரிசல், அதிலும் நிற்காமல் ஊர்ந்து மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

காண்டிராக்டர் வாசலில் நின்றிருந்தார். என் சட்டையின் முதுகைப் பார்த்தார். அவர் கேட்பதற்குள் பெரியம்மா சொல்லிவிட்டார். "நடு ரோட்டுல நின்னுடுச்சு. எல்லாம் அந்தப் பொம்பளை வாய். நிக்கும்னா, நின்னுச்சு." காண்டிராக்டர் முகம் சுண்டியது.  பெண்ணை உள்ளே கூட்டிப்போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அக்கா புடவையைச் சரிசெய்துகொண்டு இறங்கினார்.

பெரியம்மா விடவில்லை. வாசலுக்கே திரும்பி வந்து, "சொன்ன மாதிரியே நின்னுச்சும்மா. திருப்தியா?" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். "எதுல?"

"டேங்க் பக்கத்துக் கிளாம்புக்கா. முன்னாடி இல்ல. நான்தான் தினமும் இறுக்கிப் புரியைக் கெடுத்துட்டேன்."

"தினமுமா?"

"பயம்தான்க்கா."

அக்கா சிரிக்கவில்லை. பெரியம்மா பக்கம் திரும்பினார். நாதஸ்வரக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னார்.

"அம்மா, நான் பம்ப் பக்கம்னு சொன்னேன். நின்னது டேங்க் பக்கம். நான் சொன்னது தப்பு."

"நின்னுச்சுல்ல?"

"நின்னுச்சு. நான் சொன்ன எடத்துல நிக்கலியே. என் வாய் பலிச்சிருந்தா பம்பு பக்கத்துலல்ல காத்து போயிருக்கணும்?"

பெரியம்மா யோசித்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, நிஜமாகவே யோசித்தார். "அப்ப நீ சொன்னது பலிக்கலையா?"

"பலிக்கலம்மா."

பெரியம்மாவின் தோள் தளர்ந்தது. ஒரு பெரிய விஷயம் தீர்ந்த மாதிரி அவர் முகமே மாறிவிட்டது. "அப்பச் சரி" என்றார். "உள்ள வா. காலையிலருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்ட. முதல் பந்தி போட்டாச்சு." அக்காவின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். போகிற வழியிலேயே அக்கா, "சாம்பார்ல புளி ஜாஸ்தியா இருக்கும்" என்று சொல்வது எனக்குக் கேட்டது.

அக்கா இப்போது மகள் வீட்டோடு ஓசூரில் இருக்கிறார். போனில் பேசினால், நான் எதற்குக் கூப்பிட்டேன் என்று நான் சொல்வதற்கு முன் அவரே சொல்லிப் பார்ப்பார். பாதி தடவை தப்பாகத்தான் இருக்கும்.

அன்றைக்கு வாசலில் நானும் காண்டிராக்டரும் மட்டும் நின்றோம். அவர் காரைச் சுற்றி வந்தார். மாலை ஒரு பக்கம் சரிந்து கிடந்ததை நிமிர்த்தி வைத்தார்.

"பொண்ணு உன்னைப் பத்தி உள்ள நல்லவிதமாத்தான் சொல்லிட்டிருக்கு" என்றார். "அடுத்தது வானகரத்துல கீது. மண்டபம் பைபாஸ் மேலயே. நிக்காம வருமா?"

வரும் சார் என்று சொல்லியிருக்கலாம். மற்ற நாளாக இருந்தால் அதைக்கூடச் சொல்லாமல் தலையை ஆட்டியிருப்பேன்.

"கிளாம்பு ரெண்டும் புதுசு மாத்திடறேன் சார். அதுக்கு மேலயும் நின்னா, கார்புரேட்டருக்குள்ள மிதவை ஒண்ணு இருக்கு, அது ஒட்டிக்கும். வெளியிலருந்து தட்டினா விட்டுடும், பத்து நிமிஷம். அது இல்லன்னா நான் சொன்னது தப்பு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனக்கும் ஒட்டிக்கிச்சா இது" என்றார். பிறகு உள்ளே போக அடியெடுத்து வைத்தவர் நின்று, திரும்பாமலே சொன்னார். "பழைய சட்டை ஒண்ணு கையில எடுத்துட்டு வா. வண்டி அடியில படுக்கறதுக்கு முன்னாடி மாத்திக்கோ."